எழுதிக் கொடுங்கள் என்றார்கள் விவசாயிகள்

2021 பிப்ரவரி 8 அன்று மாநிலங்களவையில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, விளைபொருள்களுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, இனிமேலும் இருக்கும் என்று உறுதியளித்தார். மூன்று புதிய வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தில்லியின் சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லைகளில் அதற்குள் இரண்டு மாதங்களுக்கு மேலாகக் குளிரில் உட்கார்ந்திருந்த பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் அதற்குத் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இருக்கும் என்பது உண்மையானால், அதைச் சட்டமாக எழுதித் தருவதில் என்ன தடை?

மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றி நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்த அந்த ஓராண்டுக் காலத்தில், இந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். தொலைக்காட்சிகளிலும், நான் பழகும் படித்த வட்டத்திலும், விவசாயிகளுக்குச் சட்டம் புரியவில்லை, எதிர்க்கட்சிகள் அவர்களைத் தூண்டிவிடுகின்றன என்பதே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. எனக்கு அது அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அந்த விவசாயிகளின் அவநம்பிக்கை அறியாமையிலிருந்து வந்ததல்ல. எந்தக் கட்சி எந்த ஆண்டில் என்ன சொன்னது, ஆட்சிக்கு வந்தபின் என்ன செய்தது என்பதை நினைவில் வைத்திருந்ததிலிருந்து வந்தது.

சட்டங்களின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்துக்கு வெளியே, பான் கார்டு வைத்திருக்கும் எவரும் மாநில அரசின் கட்டணம் எதுவும் இல்லாமல் விளைபொருளை வாங்கலாம் என்றது. இரண்டாவது, நிறுவனங்களோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வழி வகுத்தது. மூன்றாவது, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தைத் திருத்தி, தானியம், பருப்பு போன்றவற்றின் விலை 50 விழுக்காடும், காய்கனிகளின் விலை 100 விழுக்காடும் உயர்ந்தால்தான் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம் என்றது. பூசல் எழுந்தால் கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்ற பிரிவு முதல் இரண்டு சட்டங்களிலும் இருந்தது. ஒரு பெருநிறுவனத்துக்கும் மூன்று ஏக்கர்காரருக்கும் இடையில் வழக்கு வந்தால் நீதிமன்றக் கதவை ஏன் மூட வேண்டும் என்பதற்கு நான் படித்த எந்த விளக்கமும் எனக்கு நிறைவளிக்கவில்லை. விரைவாகத் தீர்ப்பதற்காக என்றார்கள். விரைவான வழியைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டுமானால் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று எழுதியிருக்கலாமே.

சட்டத்தின் உள்ளடக்கத்தைவிட அது வந்த விதம்தான் முதல் சந்தேகத்தை விதைத்தது. ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த 2020 ஜூன் 5 அன்று இவை அவசரச் சட்டங்களாக வந்தன. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள். ஆனாலும் உழவர் அமைப்புகளின் கருத்தைப் பரவலாகக் கேட்காமலே இவை பிறப்பிக்கப்பட்டன. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திருச்சி சிவா உள்ளிட்ட உறுப்பினர்கள் கோரினார்கள். பெயர் பதிவாகும்படி பிரித்து வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டார்கள். அவை அமளியில் இருந்தது என்று காரணம் சொல்லி, அவைத் துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்தார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடும் ஒரு சட்டத்துக்கு யார் ஆதரவாக வாக்களித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற பதிவே மேலவையில் இல்லாமல் போயிற்று. நல்ல நோக்கத்தோடுதான் கொண்டுவந்தோம் என்று அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னாலும், பெயரைப் பதிவு செய்யக்கூட அவகாசம் தராதவர்களின் நோக்கத்தை மக்கள் எந்த நம்பிக்கையில் ஏற்பார்கள்?

எதிர்த்த கட்சிகளை நம்பவும் காரணம் குறைவாகவே இருந்தது. காங்கிரஸ் கட்சியின் 2019 தேர்தல் அறிக்கையே, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு அடிப்படையான வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டத்தை நீக்குவோம், வேளாண் வணிகத்தை எல்லாக் கட்டுப்பாடுகளிலிருந்தும் விடுவிப்போம் என்று சொன்னது. அடுத்த ஆண்டே அதே திசையில் ஒரு சட்டம் வந்தபோது அது கறுப்புச் சட்டம் ஆனது. வேளாண் அமைச்சராக இருந்த காலத்தில் சந்தைச் சீர்திருத்தம் செய்யுங்கள் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதிய சரத் பவார், பின்னர் எதிர்ப்பின் வரிசையில் நின்றார். சிரோமணி அகாலி தளம் அவசரச் சட்டங்கள் வந்தபோது மத்திய அமைச்சரவையில் இருந்தது, அவற்றுக்காக வாதாடியது. பஞ்சாப் கிராமங்களில் கோபம் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் ஹர்சிம்ரத் கௌர் பாதல் செப்டம்பர் 17 அன்று பதவி விலகினார், அடுத்த சில நாள்களில் கட்சியும் கூட்டணியை விட்டு வெளியேறியது. தில்லியில் ஆம் ஆத்மி அரசு நவம்பர் 23 அன்று மூன்றில் ஒரு சட்டத்தை அரசிதழில் வெளியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிசம்பர் 17 அன்று அதே அரசின் முதலமைச்சர் அர்விந்த் கேஜ்ரிவால் சட்டமன்றத்தில் அந்தச் சட்டங்களின் நகல்களைக் கிழித்தார். இடைப்பட்ட நாள்களில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆளுங்கட்சியின் பழைய பேச்சும் இதே கதைதான். 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு குறித்த விவாதத்தில், மக்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ், மண்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் தரகர்களே விவசாயிக்குக் காலங்காலமாகப் பணம் தரும் ஏடிஎம் என்று அவர்களுக்காகப் பரிந்து பேசினார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே தரகர்களிடமிருந்து விவசாயியை விடுவிப்பதே புதிய சட்டத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்த 2012 விவாதத்தில் நம் தி.மு.க. எடுத்த நிலையும் நினைவுகூரத் தக்கது: அந்நிய முதலீட்டை ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, அரசு கவிழ்ந்து பா.ஜ.க.வுக்கு வழி திறந்துவிடக் கூடாது என்ற காரணத்தைக் காட்டி, அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. 2020இல் அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் மசோதாக்களைக் குறைகூறிப் பேசினார், கட்சியோ ஆதரித்தது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, நானும் விவசாயிதான் என்று சொல்லிச் சட்டங்களுக்கு ஆதரவாக நின்றார்.

மனம் மாறுவது குற்றமல்ல. புதிய உண்மை தெரிந்து ஒரு கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டால் அதை நான் மதிப்பேன். ஆனால் மேலே சொன்ன எவரும் முன்பு சொன்னதை மறுத்து, இன்ன காரணத்தால் மாறினோம் என்று விளக்கவில்லை. அவையில் உட்காரும் பக்கம் மாறியது, கருத்தும் கூடவே மாறியது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடிமகன், இவர்கள் பேசுவது எதுவும் அந்தப் பொருளைப் பற்றியதே அல்ல என்ற முடிவுக்கு வந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆதரவு விலையின் வரலாற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், 2006இல், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2010இல், எதிர்க்கட்சியான பா.ஜ.க.வின் உறுப்பினர் பிரகாஷ் ஜாவடேகர் மாநிலங்களவையில் இதைப் பற்றிக் கேட்டபோது, அப்படிச் செய்தால் சந்தை குலையும் என்று கூறி மன்மோகன் சிங் அரசு மறுத்தது. 2014 தேர்தலில் செலவுக்கு மேல் 50 விழுக்காடு லாபம் உறுதி செய்வோம் என்று பா.ஜ.க. வாக்குறுதி தந்தது. 2015 பிப்ரவரியில் மோடி அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், கிட்டத்தட்ட அதே சொற்களில், அப்படிச் செய்தால் சந்தை குலையும் என்றது. கேள்வி கேட்டவர்கள் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தவுடன் பழைய பதிலையே எடுத்துப் படித்தார்கள். 2018 வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்றரை மடங்கு தந்துவிட்டோம் என்று அறிவித்தபோதும், நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டுக்கான வட்டியையும் செலவில் சேர்க்காமல் கணக்கிட்டார்கள். ஆணையம் கேட்ட விலைக்கும் அந்த விலைக்கும் இடையே இருந்த வேறுபாட்டை உழவர் சங்கங்கள் உடனே சுட்டிக்காட்டின.

அதே 2015 ஜனவரியில் வந்த சாந்தகுமார் குழுவின் அறிக்கையும் பஞ்சாபில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஆதரவு விலையில் அரசுக்கு விற்பவர்கள் விவசாயிகளில் வெறும் 6 விழுக்காட்டினரே என்று அது கணக்குக் காட்டியது. பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் இந்திய உணவுக் கழகம் கொள்முதலிலிருந்து விலகி அந்தப் பொறுப்பை மாநிலங்களிடம் ஒப்படைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. இதைப் படித்திருந்த ஒரு பஞ்சாப் விவசாயி, ஐந்து ஆண்டுகள் கழித்து மண்டிக்கு வெளியே கட்டணமில்லாச் சந்தை திறக்கிறது என்று கேட்டால் என்ன நினைப்பார்? வணிகர் வெளியே போவார், மண்டியின் வருமானம் வற்றும், மண்டி மூடப்படும், அப்புறம் அரசுக் கொள்முதலும் நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு நிச்சயம் பலித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை வதந்தி என்று ஒதுக்கியது நேர்மையல்ல. அரசே அமைத்த குழுவின் அறிக்கையிலிருந்து புறப்பட்ட அச்சம் அது.

எங்கள் டெல்டாப் பக்கத்தில் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு என் மாமா தவறாமல் போவார். வாய்க்கால் தூர்வாரவில்லை, கொள்முதல் நிலையம் திறக்கவில்லை, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மனு கொடுப்பார்கள். மேடையிலிருந்து “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வந்தவுடன், கூட்டத்தில் இருக்கும் மூத்த விவசாயி யாராவது எழுந்து, “ஐயா, அதை எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்” என்பார். இதில் அவமரியாதை எதுவும் கிடையாது. இன்று மேடையில் இருக்கும் அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விடலாம். எழுத்து கையில் இருக்கும். சிங்கு எல்லையிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, “அவங்க கேக்குறதும் அதுதானே” என்றார். தில்லியின் ஆங்கிலப் பத்திரிகைகளில் பல பத்திகள் எழுதியும் விளங்காத ஒன்று அவருக்கு அந்த ஒரு வரியில் விளங்கியிருந்தது.

அவநம்பிக்கைக்கு இன்னொரு வேரும் உண்டு. போராட்டம் நடந்த காலம் முழுவதும், அரசியல் கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை மக்கள் அறிய முடியாதபடி மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் நடப்பில் இருந்தது. 2018இல் தொடங்கிய அத்திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்றுதான் ஐந்து நீதிபதிகள் அமர்வு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. சட்டங்கள் பெருநிறுவனங்களுக்காகவே எழுதப்பட்டவை என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள், சில நிறுவனங்களின் பெயரைச் சொல்லியே புறக்கணித்தார்கள். பஞ்சாபில் நூற்றுக்கணக்கான ஜியோ கோபுரங்கள் சேதப்படுத்தப்பட்டன. கோபுரங்களை உடைத்ததை நான் ஏற்கவில்லை. ரிலையன்ஸ் நிறுவனம் ஒப்பந்த வேளாண்மையில் இறங்கும் திட்டமே தங்களுக்கு இல்லை என்று 2021 ஜனவரியில் அறிக்கை விட்டது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக் குடிமக்கள் கையில் என்ன இருந்தது? கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு, சந்தேகப்படாதே என்று சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை.

நம்பிக்கையை மீட்கக் கிடைத்த ஒரு வாய்ப்பும் வீணானதை எண்ணி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்து, நான்கு பேர் கொண்ட குழுவை அமைத்தது. நால்வருமே சந்தைச் சீர்திருத்தத்தை ஆதரித்து ஏற்கெனவே பேசியோ எழுதியோ இருந்தவர்கள் என்பது அன்று மாலைக்குள் ஊரறிந்தது. போராடிய சங்கங்கள் குழுவின் முன் வர மறுத்தன. நால்வரில் ஒருவரான பூபிந்தர் சிங் மான் இரண்டே நாளில் விலகினார். மற்ற மூவர் 73 அமைப்புகளோடு பேசி, அவற்றில் 61 அமைப்புகள் சட்டங்களை முழுமையாக ஆதரிப்பதாகக் கண்டறிந்து, 2021 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கை மூடிய உறையிலேயே கிடந்தது. சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டு மாதங்கள் கடந்தபின், 2022 மார்ச்சில், குழு உறுப்பினர் அனில் கன்வத் தாமாகவே அதை வெளியிட்டார். குழுவில் போராடும் தரப்பு ஏற்கும் ஒருவரைச் சேர்த்திருந்தால், அறிக்கையை அன்றே மக்கள் முன் வைத்திருந்தால், அந்த 61க்கும் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இடையே ஓர் உண்மையான உரையாடல் நடந்திருக்கலாம்.

அப்படி ஓர் உரையாடல் மிகவும் தேவைப்பட்டது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பஞ்சாபின் நெல்லும் கோதுமையும் பெருமளவு மண்டி வழியாக அரசுக்கு ஆதரவு விலையில் போகின்றன. டெல்டாவில் எங்களுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. பெரம்பலூரில் மக்காச்சோளம் போடுபவருக்கு என்ன இருக்கிறது? 2020–21 பருவத்தில் குவிண்டாலுக்கு 1,850 ரூபாய் என்று அரசு அறிவித்த விலை அவருக்குக் காகிதத்தில் மட்டுமே இருந்தது. 23 பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவித்தாலும், அரசு கணிசமாக வாங்குவது சிலவற்றைத்தான். அவரைப் போன்றவர்களுக்குத் திறந்த சந்தை உதவுமா, ஒப்பந்த முறை உதவுமா என்பது நியாயமான கேள்வி. 2006இல் சந்தைக் குழுச் சட்டத்தை முற்றிலும் நீக்கிய பிகாரில் விவசாயிக்குக் கிடைக்கும் விலை உயர்ந்ததா, தனியார் சந்தைகள் வந்தனவா என்று பொறுமையாக ஆராய்ந்திருக்கலாம். இந்தியாவிலேயே முதலாவதாக 2019இல் ஒப்பந்த வேளாண்மைக்குத் தனிச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டின் அனுபவத்தையும் பேசியிருக்கலாம். எதுவும் நடக்கவில்லை. நீ யாருடைய ஆள் என்பதே முதலும் கடைசியுமான கேள்வியாக இருந்தது. சட்டத்தை எதிர்த்தவர் காலிஸ்தான்வாதி, ஆதரித்தவர் கார்ப்பரேட் கைக்கூலி. சீக்கிய முதியவர்களைப் பிரிவினைவாதிகள் என்று சில தலைவர்களே பேசியதும், போராடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் என்று பிரதமரே நாடாளுமன்றத்தில் ஒரு சாராரைச் சாடியதும், மிச்சமிருந்த நம்பிக்கையையும் அழித்தன.

2021 நவம்பர் 19, குருநானக் பிறந்தநாள். அன்று காலை தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சட்டங்கள் நல்லவைதான், ஒரு பகுதி விவசாயிகளுக்கு அதை விளக்கத் தங்களால் இயலவில்லை என்றார். உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் 29 அன்று, திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் விவாதம் கேட்டன, கிடைக்கவில்லை. கொண்டு வந்தபோது கேட்காதவர்கள் எடுத்துக்கொண்டு போகும்போதும் கேட்கவில்லை. போராட்டத்தில் 700 பேருக்கு மேல் உயிரிழந்ததாகச் சங்கங்கள் சொன்னபோது, அதுபற்றித் தன்னிடம் பதிவேதும் இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் எழுத்து வடிவில் பதிலளித்தது. அந்தப் பதிலைப் படித்த அன்று எனக்கு உண்டான கசப்பு இன்னும் போகவில்லை. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் 2021 அக்டோபர் 3 அன்று விவசாயிகள் மீது வாகனம் ஏறியதையும் நாடு பார்த்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவையும் எந்தக் கட்சியின் பெயரையும் காப்பாற்றவில்லை. ஆதரவு விலை குறித்த குழுவை அரசு 2022 ஜூலையில் அமைத்தது. சங்கங்களின் கூட்டமைப்பு அதன் அமைப்பை நம்பவில்லை, பிரதிநிதிகளை அனுப்ப மறுத்தது. 2024 பிப்ரவரியில் சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே, அவர் பரிந்துரைத்த விலையைக் கேட்டு தில்லி நோக்கிப் புறப்பட்டவர்கள் பஞ்சாப்–ஹரியானா இடையிலான ஷம்பு எல்லையில் கண்ணீர்ப்புகையால் தடுக்கப்பட்டார்கள். 2010இல் முடியாது என்ற காங்கிரஸ், அந்த வாரத்தில் சட்ட உத்தரவாதம் தருவோம் என்றது. ஓராண்டுக்கு மேல் ஷம்பு, கனோரி எல்லைகளில் நீடித்த அந்த முகாம்களை 2025 மார்ச் 19 அன்று பஞ்சாப் காவல்துறை அகற்றியது. அந்த மாநிலத்தை ஆண்டது, முன்பு சட்ட நகல்களைக் கிழித்த ஆம் ஆத்மி கட்சி.

ஆகவே யாருடைய உள்நோக்கம் தூயது என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஒருவர் மனத்துக்குள் இருப்பதை இன்னொருவர் அறிய முடியாது. அவர் எழுதிக் கையெழுத்திட்டதை எவரும் படிக்க முடியும். மசோதாக்களின் வரைவைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் கொள்கையே 2014இலிருந்து சொல்கிறது. அது வெறும் கொள்கை, சட்டமல்ல. அதனால் மீறினால் கேட்பாரில்லை. 2009 முதல் 2014 வரையிலான 15ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. வேளாண் சட்டங்கள் நிறைவேறிய 17ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு, மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில், சரண்ஜித் சிங் சன்னி தலைமையிலான வேளாண் நிலைக்குழு, ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் தர வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. அந்த அறிக்கையை அரசு ஏற்கிறதா, மறுக்கிறதா, மறுத்தால் எந்தக் கணக்கின்படி மறுக்கிறது என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும் என்று கோரி ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமாவும் அவருடைய சங்கத்துக்காரர்களும் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள்.